பழிவாங்கலிற் புகுந்த நகை

1970களின் முற்பகுதியில் ஹொங்கொங் குங்பூத் திரைப்படங்களிற் பழிவாங்கல் ஒரு புனிதக் கடனாகவே கொள்ளப்பட்டது. 1972இல் வெளிவந்த 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் புரூஸ் லீ ஏற்ற பாத்திரம் ஆசானின் கொலைக்காகச் சினந்தெழுந்து, ஈற்றில் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கின்றது. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. சிரிப்புக்கும் சிறிதே இடமுண்டு. 1973 யூலை 20இல் லீ மறைந்தபின் அச்சினத்துக்கு வாரிசு தேடியோர் பலர். அப்படத்தின் நெறியாளரான லோ வெய், 1976இல் 'நியூ ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் ஜாக்கி சான் என்னும் இளைஞரை அவ்விடத்தில் நிறுத்தினார். பிறர்க்குத் தைத்த சட்டை அவருக்குப் பொருந்தவில்லை.

சான், சிறுவயதிலேயே பீக்கிங் இசைநாடகப் பயிற்சி பெற்றவர். அம்மரபிற் கோமாளி நால்வகைப் பாத்திரங்களுள் ஒன்று. கரணமும் சண்டையும் அவனுக்கும் உரியன. 1978இல் யுவென் வூ-பிங் நெறிப்படுத்திய இரு படங்கள் இத்திறனை வெளிக்கொணர்ந்தன. 1979இற் சான் தாமே முதன்முறையாக நெறிப்படுத்திய 'ஃபியர்லெஸ் ஹைனா'வோ அதனைப் பழிவாங்கற் கதையின் உள்ளேயே வைத்தது.

பாட்டனிடம் வித்தை பயிலும் பேரன் சூதாட்டத்திற் காலங்கழிக்கின்றான். பிணப்பெட்டிக் கடையில் அவன் வேலைபார்க்கும் காட்சி கதைக்கு வேண்டாததெனினும் சிரிப்பூட்டத் தவறவில்லை. பின்னர், வெளியே காட்டலாகாதெனப் பாட்டன் விலக்கிய வித்தையைக் காசுக்காக ஒரு போலிப் பள்ளியிற் காட்டுகின்றான்; பெண்வேடமிட்டும் சண்டையிடுகின்றான். அவையோர் வயிறு குலுங்கச் சிரிக்கும் இச்செயல்களே பாட்டனின் பகைவனுக்கு வழிகாட்டிவிடுகின்றன. பாட்டன் கொல்லப்படுகின்றார். புரூஸ் லீயின் நாயகன் பிறர் செய்த குற்றத்துக்குப் பழிவாங்கினான். இவனோ தன் பிழைக்கும் விடை தேடவேண்டியவன். இதனை வெறுங் கோமாளிப் படமென ஒதுக்குவோர் இவ்வேறுபாட்டைக் கண்டிலர்.

சினம் மட்டும் அவனுக்கு உதவவில்லை. முதிய ஆசானொருவர் அவனைக் கடும் பயிற்சிக்கு உட்படுத்துகின்றார். உண்ணுங்குச்சிகளால் உணவைப் பறிக்கும் போட்டிகூட அங்கே பாடமாகின்றது. ஈற்றிற் கற்பிக்கப்படுவது உணர்ச்சிகளையே படைக்கலமாக்கும் முறை: சினம், துயரம், மகிழ்ச்சி, களிப்பு. தொல்காப்பியரின் வெகுளியும் அழுகையும் உவகையும் நகையும் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுதல் இயல்பு. எனினும் இரண்டுக்கும் உறவு கற்பித்தல் வேண்டா. இறுதிச் சண்டையில் அவன் பகைவன்முன் அழுகின்றான், சிரிக்கின்றான், பகைவன் திகைக்கின்றான். அவ்வழுகை நடிப்பு, ஆயினும் பாட்டனை இழந்தவனின் அழுகை முற்றும் நடிப்பாகுமோ? படத்தின் கவர்ச்சி பெரிதும் இவ்விடத்திலேயே தங்கியுள்ளது.

சான் பின்னர் லோ வெய்யை விட்டகன்று கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்திற் சேர்ந்து, 1980இல் 'த யங் மாஸ்ரர்' படத்தைத் தந்தார். 1983இல் 'ஃபியர்லெஸ் ஹைனா'வின் இரண்டாம் பாகமென ஒன்று வெளிவந்தது. அதில் எஞ்சிய பழைய காட்சிகளும், சானுக்குப் பதிலாக நடித்த மாற்றாள்களுமே இடம்பெற்றிருந்தனர்.