ஏற்காடு கிச்சனுக்கு சோப்பைவிட காத்துதான் முக்கியம்! மலை வீட்டு சமையலறையை சுத்தமா வெச்சுக்க என்ன செய்யலாம்?

ஏற்காட்டில் எந்த வீட்டு கிச்சனுக்குள் போனாலும் முதலில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு பொலபொலன்னு இருந்தால் அந்த கிச்சனில் பெரிய பிரச்னை இல்லை. ஜாடியின் அடியில் தண்ணீர் கசிந்து, உப்பு சொதசொதன்னு ஆகியிருந்தால், சிங்க்கைக் கழுவுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது.

காரணம் சிம்பிள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு காற்றில் உள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கல் உப்பு அதற்கு முன்பே கசிய ஆரம்பித்துவிடும். பூஞ்சணம் சௌகரியமாக வளர்வதும் ஏறக்குறைய இதே ஈரப்பதத்தில்தான். ஆக, காசு கொடுத்து ஈரமானி வாங்கத் தேவையில்லை. உப்பு ஜாடியே போதும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால், சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. சமவெளியைவிடக் குளிர் அதிகம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டுமே இங்கே எட்டிப் பார்க்கும். மழை இல்லாத நாளில் பனிமூட்டம். இன்ஸ்டா ரீலுக்கு செம்ம லொகேஷன்தான். ஆனால், இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால், துவைத்த துணி காயாத கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நெட்டில் கிடைக்கும் கிச்சன் டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் சென்னை, மதுரை வெயிலை மனசில் வைத்து எழுதியவை. 'ராத்திரி படுக்கும் முன் மேடையிலும் தரையிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்' என்பார்கள். சேலத்தில் காலைக்குள் காய்ந்துவிடும். ஏற்காட்டில் ஜூலையிலோ நவம்பரிலோ அப்படிச் செய்தால், அடுத்த நாள் மதியம் வரை ஈரம் அப்படியே நிற்கும். மலை வீட்டைப் பொறுத்தவரை சுத்தம் என்றால் கழுவுவது பாதி, காய வைப்பது பாதி.

சிலிண்டருக்குள் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர்

குளிருது என்று ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு சமைப்பது மலை வீடுகளில் சகஜம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் நடக்கிறது. சமையல் கேஸ் எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகும். 1 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான ஆவி வெளியே வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கும் மேல்! இது அடுப்புத் தீயிலிருந்து வருவது மட்டும்தான். சோறு கொதிப்பது, இட்லிப் பானை ஆவி, குக்கர் விசில் எல்லாம் தனிக்கணக்கு.

இவ்வளவு ஆவியும் எங்கே போகும்? ஜன்னல் மூடியிருந்தால், குளிர்ந்த சுவரிலும் அலமாரியின் பின்பக்கத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு சேரும். தூசி வந்து அப்பும். கொஞ்ச நாளில் கறுப்புப் புள்ளிகள். 'தினமும் துடைக்கிறேன், அப்பவும் சுவர் கறுக்குதே' என்று புலம்புபவர்கள், துடைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கவனிக்கலாம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். சமையல் முடிந்த பிறகும் 15, 20 நிமிடம் ஓடட்டும். ஃபேன் இல்லையென்றால் எதிரெதிரே இருக்கும் ஜன்னலும் கதவும் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். பாத்திரத்தை மூடி வைத்து சமைத்தால் ஆவியும் குறையும், கேஸும் மிச்சம்.

'வெளியே பனிமூட்டமா இருக்கே, ஜன்னலைத் திறந்தா ஈரம் உள்ள வராதா?' நியாயமான கேள்வி. சமைக்கும்போது கிச்சன் வெளியைவிட சூடாக இருக்கும். வெளியே இருந்து வரும் குளிர்ந்த காற்று உள்ளே சூடாகும்போது, இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சுமக்கும் இடம் அதில் இருக்கும். அதனால் சமையல் நேரத்தில் திறந்து வைப்பது லாபம்தான். அடுப்பு எரியாத நேரத்தில், பனி அடர்த்தியாக இறங்கும் மாலையிலும் இரவிலும் மூடிவிடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் மதியத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

ஒரு கண்டிஷன்: ஜன்னலுக்குக் கம்பியும் வலையும் கட்டாயம். ஏற்காட்டுக் குரங்குகளுக்கு உங்கள் வாழைப்பழம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

காபித் தோட்டம் சொல்லித் தரும் பாடம்

காய வைப்பது இந்த மலைக்குப் புதிய சங்கதி இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. இன்றைக்கும் காபியும் மிளகும்தான் இந்த மலையின் முக்கியப் பயிர்கள். அறுவடை முடிந்ததும் கொட்டையைக் களத்தில் பரப்பி, திரும்பத் திரும்பக் கிளறிவிட்டு, ஈரப்பதம் சுமார் 11 சதவிகிதத்துக்கு வரும்வரை காய வைப்பார்கள். அதற்கு முன்பே மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து, வாசனையும் போய், விலையும் போய்விடும்.

இதே கணக்குதான் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கும். மிளகாய்த் தூள், மல்லித் தூளை ஒரு கிலோ, ரெண்டு கிலோ என்று அரைத்து வைப்பது மழைக்காலத்தில் வேண்டாம். பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியை இறுக்கமாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே டப்பாவைப் பிடித்துத் தூளைத் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஆவி நேராக டப்பாவுக்குள்தான் போகும். கரண்டியில் எடுத்துப் போடுவதே சரி.

அரிசி டிரம்முக்குள் வேப்பிலை போடுபவர்கள் கவனிக்க: பச்சை இலையைப் போட்டால் அந்த இலையின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். நிழலில் முறுமுறுன்னு காய்ந்த இலைதான் போட வேண்டும். டிரம்மை சுவரை ஒட்டி, தரையில் வைக்காமல், ஒரு மரப்பலகை மேல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். விறகடுப்பு இருந்த காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் பொருட்களை வைத்தார்களே, அந்தச் சூடும் புகையும்தான் அவற்றை ஈரமில்லாமல் வைத்தன. இப்போது பரண் மட்டும் இருக்கிறது, அந்தச் சூடு இல்லை. அதனால் பரணில் போட்ட பொருளை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

'லேசாத்தான் பூத்திருக்கு, தட்டிட்டு போட்டுக்கலாம்'

இந்த வசனத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடலாம்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அஃப்ளடாக்சின். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட நூறு பேருக்கும் மேல் கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். நீண்ட நாள் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு இது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது.

எல்லாப் பூஞ்சணமும் இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை. ஆனால், எது உண்டாக்கும், எது உண்டாக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதிலும் நிலக்கடலை, காய்ந்த மிளகாய், மக்காச்சோளம், தேங்காய்க் கொப்பரை இந்த நான்கிலும் ரிஸ்க் அதிகம். சேலத்தில் மொத்தமாக வாங்கி மலைக்கு ஏற்றி வருபவர்கள், வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறியுங்கள். பூத்த பிரெட்டில் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுப் பயனில்லை, பூஞ்சணத்தின் இழை உள்ளேயும் ஓடியிருக்கும். ஊறுகாய் மேலே பூத்தாலும் அப்படித்தான். நல்லெண்ணெய் எப்போதும் மேலே மிதக்கும்படி பார்த்துக்கொண்டால், ஈரக் கரண்டி போடாமல் இருந்தால், அந்த நிலைமையே வராது.

அழுக்கின் தலைநகரம்: ஸ்பாஞ்சும் கரித்துணியும்

2017-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்படுத்திய பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுகளை எடுத்து ஆராய்ந்தபோது, அதில் பாக்டீரியாக்கள் மிக மிக நெருக்கமாகக் குடியிருப்பதைக் கண்டார்கள். ஸ்பாஞ்ச் காயவே காயாத மலை வீட்டில் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பீர்க்கங்காய் நாரோ ஸ்டீல் ஸ்க்ரப்பரோ சீக்கிரம் காயும். எதுவானாலும் சோப்பு டப்பாவின் தண்ணீருக்குள் ஊற விடாமல், ஆணியில் தொங்கவிடுங்கள்.

மேடை துடைக்கும் துணியும் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியும் வேறு வேறாக இருக்கட்டும். ஆளுக்கு நாலு துணி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் துணியை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், கிருமி சாகுமா என்ற சந்தேகம் வேண்டாம். தாராளமாகச் சாகும். குடிநீரையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள்தான் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும்.

கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்து அடுக்காதீர்கள். மிக்ஸி ஜார் கேஸ்கட், குக்கர் கேஸ்கட், ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பு... இந்த மூன்றும் பலர் கண்ணில் படாமல் தப்பிக்கும் ஆசாமிகள். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கறுத்த சுவருக்கு என்ன வைத்தியம்?

காய்ந்த துடைப்பத்தால் தேய்க்கவே கூடாது. பூஞ்சணத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். பிறகு தேவைப்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 60 மில்லி வீட்டு உபயோகத் திரவ பிளீச். அதற்கு மேல் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். கூரையோ குழாயோ கசிந்துதான் சுவர் ஊறுகிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும்.

இதைவிட முக்கியம், பிளீச்சோடு எதையும் கலக்காதீர்கள். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவும் ஆசிட் எதோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சின்ன கிச்சனில் அது மூச்சையே அடைக்கும். 'ரெண்டையும் கலந்தா டபுள் பவர்' என்று சொல்லும் ரீலை அப்படியே ஸ்க்ரோல் பண்ணிவிடுங்கள்.

ஹேக்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்து பொங்குவது பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், ஒன்றின் சக்தியை மற்றொன்று காலி செய்துவிடும் என்பதால் கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடாவைத் தனியாகக் குழைத்துத் தடவி, ஊறவிட்டுத் தேய்த்தால் நன்றாகப் போகும். அடுத்து, உங்கள் மேடை கடப்பா கல் என்றால் எலுமிச்சையும் வினிகரும் அதன் பக்கமே போகக் கூடாது. அது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் மேல்பரப்பு அரித்து வெளுத்துவிடும். கிரானைட் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி.

வார இறுதி வீடா? பூட்டும் முன் பத்து நிமிடம்

ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு சேலத்திலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள் நிறைய. ஒரு மாதம் பூட்டிய வீட்டைத் திறந்தால் வரும் அந்த வாடைக்கு ரூம் ஸ்ப்ரே மருந்தல்ல. கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துணியைச் சொருகிவிட்டுப் போங்கள். அலமாரிக் கதவுகளும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். சிங்க் ஓட்டையில் மூடி போடுங்கள், கரப்பான் பூச்சி அந்த வழியாகத்தான் வரும். ஈரத் துணி, ஸ்க்ரப்பர், குப்பைக் கூடை எதையும் உள்ளே விட்டுச் செல்ல வேண்டாம். குப்பையை வாசலில் வைத்தாலும் குரங்கு வந்து பிரித்துவிடும் என்பதால், கட்டி எடுத்துக்கொண்டு போய் உரிய தொட்டியில் போட்டுவிட்டு மலை இறங்குங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூட மறக்காதீர்கள்.