டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்: சில குறிப்புகள்

சரண்ஜித் சிங்கின் ‘டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்’ தொகுப்பை நான் முதலில் கேட்டது ராஜபாளையத்தில், நண்பர் ஒருவரின் மாடியறையில். கீழே தெருவில் மில் ஷிப்ட் விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். “நம்ம கச்சேரி கீபோர்டுகாரர் ரிகர்சல் பண்ற மாதிரில்ல இருக்கு” என்றார் நண்பர். கிண்டல்தான். ஆனால் இத்தொகுப்பைப் பற்றி மேற்கில் எழுதப்பட்ட பலவற்றைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்கு உதவியது.

1982இல் பம்பாயில் பதிவானது, எச்.எம்.வி. வெளியீடு. பைரவ், தோடி, பூபாளி, யமன் என்று பத்து இந்துஸ்தானி ராகங்கள். கருவிகள் மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தவை: ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி. விற்கவில்லை. 2010இல் நெதர்லாந்துக்காரர் ஒருவரின் சிறு நிறுவனம் மறுவெளியீடு செய்தபிறகுதான் ‘கண்டுபிடிப்பு’ நிகழ்ந்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் சிகாகோ ஃபியூச்சர் குழுவின் இசைத்தட்டு 1987இல் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே ஓர் இந்தியர்...

இந்தக் கதையாடலில் எனக்கு உடன்பாடில்லை. ‘முன்னோடி’ என்று பட்டம் கட்டும்போதே மையம் சிகாகோதான் என்பது உறுதியாகிவிடுகிறது. நம்மாளு அங்கே சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார் என்று யார் கேட்கிறார்கள்?

2015இல் மறைந்த சரண்ஜித், பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் பேஸ் கிதார் வாசித்தவர். டிபி-303, கூட பேஸ் வாசிக்க ஆளில்லாத கிதார்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதாவது இவருடைய வேலையைச் செய்யவந்த பெட்டி. அதை இவரே வாங்கிவந்து ராகத்துக்குள் இறக்கினார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச்செல்லும் வசதி அதில் உண்டு. இவர் கையில் அது இந்துஸ்தானியின் மீண்டாக, நம் வழக்கில் ஜாருவாக மாறிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், சிறுகோயில்களில் பூசை நேரத்தில் மோட்டார் போட்டு ஓடும் முரசும் மணியும் கேட்கும். சுவிட்சைத் தட்டினால் மேளம். ஸ்ரீவில்லிபுத்தூர் தவில்காரர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசினேன். “அதுக்குச் சம்பளம் கெடையாது தம்பி, காப்பித்தண்ணிகூட வாங்கிக் குடுக்க வேண்டாம்” என்றார்.

இன்று புதிய ராக் குழுக்கள் தங்கள் முதல் தொகுப்பிலேயே எண்பதுகளின் சிந்தசைசர் ஒலியை ‘ரெட்ரோ’ என்று மீட்டெடுக்கின்றன. நல்லது. திரும்பி வருவது சத்தம் மட்டும்தான். அது யாரை மேடையிலிருந்து இறக்கியது என்பது கூட வருவதில்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்ததைச் சாதனையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சாதனைதான். அந்த ஒலி ஊர் மேடைக்கு வந்தபோது வயலின்காரரும் கிளாரினெட்காரரும் இறங்கிப்போனார்கள்.

ஆனால் ‘இயந்திரம் எதிரி’ என்று இதை முடித்துக்கொள்ள நண்பர் சொன்ன அந்தக் கீபோர்டுகாரர் விடமாட்டார். அவருடைய அப்பா சாவு வீடுகளில் பறை அடித்தவர். ஊர்த் திருவிழா மேடையில் அப்பாவுக்கு ஒருநாளும் இடமில்லை. மகன் கீபோர்டோடு ஏறினார். நாகசுரம் கேட்ட சாதியைக் கீபோர்டு கேட்கவில்லை. தவில்காரரின் இழப்பும் இவருடைய ஏற்றமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

அவருக்கு அந்த பைரவ் பாடலைப் போட்டுக் காட்டினேன். நம்ம மாயாமாளவகௌளைச் சுரங்கள். கண்ணை மூடிக் கேட்டவர், “வாசிச்சவரு பேஸ்காரரா சார்?” என்றார். நான் சொல்லியிருக்கவில்லை. பிறகு கீபோர்டை முடுக்கி, ஓரத்திலிருந்த சக்கரத்தை இடதுகைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டிப் பார்த்தார்.