ஆவாரம் பட்டை, குரோமியம், பாலாறு

பெங்களூரு பஸ்ல போறவங்களுக்கு பள்ளிகொண்டான்னா டோல்கேட்தான் ஞாபகம் வரும். ரங்கநாதர் கோயிலை ஒட்டி ஓடற பாலாறு கண்ணுல படாது, பெரும்பாலும் மணல்தான். அந்த ஆத்துல மேல போனா ஆம்பூர், அதுக்கும் மேல வாணியம்பாடி. தோல் ஊருங்க.

ஒரு காலத்துல இங்க தோலை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டாங்க. பாதி வேலை முடிஞ்ச தோல் கப்பலேறி இங்கிலாந்து போகும், லாபமும் அங்கேயே போகும். இதை மாத்தணும்னுதான் 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. முழுக்க அரசுப் பணம். 1958-ல் இயக்குநரான நாயுடம்மா, ஆராய்ச்சியைத் தோல் ஷாப் வாசலுக்கே கொண்டுபோகணும்னு நினைச்சவர். 1970-களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுத் தோலா, ஷூவா அனுப்புங்கன்னு சொன்னாங்க. பட்டையில வாரக்கணக்கா ஆகற வேலை குரோமியத்துல சீக்கிரம் முடியும். ஆம்பூர்ல ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாசச் சம்பளம் வந்தது.

இந்த ஆராய்ச்சியால நாட்டுக்கு என்ன பயன்னு கேட்டா, ஏற்றுமதி, வேலைவாய்ப்புன்னு இந்தக் கணக்கைத்தான் காட்டுவோம். பொய்யில்லை. ஆனா தொட்டியில போடற குரோமியத்துல சுமார் 60-70 சதவீதத்தைத்தான் தோல் இழுத்துக்கும். மிச்சம் தண்ணியோட போகும், பச்சைத் தோல் கெடாம இருக்கப் போட்ட உப்பும் கூடவே.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்டணுங்கற கொள்கையை நம்ம சட்டத்துல ஊன்றிய தீர்ப்பு. தோல் ஆலைப் பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாவோ முழுசாவோ பாழ்னு அதுல ஒரு மதிப்பீடு வருது. அதை எடுத்தது யார் தெரியுமா? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம். அதுவும் அரசுப் பணம்தான்! ஆபீஸ் பாஷையில சொன்னா, ரிலீஸ் பண்ண டீம் ஒண்ணு, பக் எழுதின டீம் இன்னொண்ணு. என்னைக் கேட்டா, அந்த நிலக் கணக்கும் ஆராய்ச்சியோட சமூகப் பயன்தான். ஆனா சாதனைப் பட்டியல்ல அதை யாரும் போடறதில்லை.

அடையாறு நிறுவனமே பிறகு தண்ணியில்லாம குரோம் பதனிடற முறையைக் கொண்டுவந்தது. குரோமியம் 15-20 சதவீதம் மிச்சம், கழிவுநீர்ல கரைஞ்ச உப்பு 20 சதவீதம் குறையும்னு அவங்க கணக்கு. நல்ல விஷயம். ஆனா பச்சைத் தோலை ஊறவைக்கறப்ப வர்ற உப்புக்கு இது மருந்தில்லை.

2025 ஜனவரியிலயும் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு மாசுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி, கண்காணிக்க ஒரு குழுவையும் போடச் சொன்னது.