நார்த்தங்காயின் பங்காளி

வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்காலக் காலையில் ரொட்டியில் தடவ மார்மலேட் வேண்டும். ஜாம் மாதிரிதான்... ஆனா லேசா கசக்கும்! கசப்பு ஆரஞ்சைத் தோலோடு நறுக்கி, கொட்டைகளைத் துணியில் முடிந்து போட்டு (கெட்டிப்படுத்தும் பெக்டின் அதில்தான் இருக்கு), சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சுவார்கள்.

பெயர் போர்ச்சுக்கீசியருடையது. பேரிக்காய் போன்ற 'மார்மெலோ' பழத்தில் செய்ததால் 'மார்மெலாடா'. ஆங்கிலேயர்கள் பின்னால் ஸ்பெயினின் செவில் ஆரஞ்சுக்கு மாறினார்கள். 'ஆரஞ்சு' யாருடையது? சம்ஸ்கிருத 'நாரங்க', பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பா போய் அப்படி ஆனது. அந்த 'நாரங்க'வே திராவிடச் சொல் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. ஆக, நம்ம நார்த்தங்காயின் பங்காளி!

கள்ளக்குறிச்சிப் பக்கம் நார்த்தங்காய்க்கு உப்பும் வெயிலும் போதும். சுருளாக நறுக்கி, உப்பு அடைத்துக் காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. வெயில் குறைந்த இங்கிலாந்துக்கோ சர்க்கரைதான் கதி. சர்க்கரைக்குக் கரும்பு வேண்டும், கரும்பு வெட்ட ஆள் வேண்டும். கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டினார்கள். 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும், தோட்ட முதலாளிகளின் கண் நம் ஜனங்கள் மீது விழுந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். சென்னையில் ஏறியவர்களில், அன்று கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்களும் உண்டு. ஊர் திரும்பாதவர்கள் ஏராளம்.

இன்று கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. நார்த்தங்காய் மட்டும் இன்னமும் உப்பில்தான்!