கூரையில் ஒரு ஓட்டை

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷமாகிறது. இங்கே மே மாசத்தில் 45 டிகிரி என்பது செய்தியே இல்லை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் கிளையின் மராட்டிய நண்பர் ஒருவர் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ரிட்டயர் ஆனதும் மனைவியோடு ஊர் சுற்றுகிற திட்டம். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "சார், கூரையில் மாட்ட எந்த ஃபேன் வாங்கலாம்? மின்சாரமே வேண்டாம், காற்றில் தானாகச் சுற்றும் என்கிறார்களே, அதுவா? பேட்டரியில் ஓடுவதா?"

பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பழைய ரயில் சமாச்சாரம் என்று வந்துவிட்டால் நான் ஆணி பிடுங்குவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கும் ரயில் பெட்டியின் கூரைக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. அவரிடம் அரை மணி நேரம் பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தங்கமணி ஏற்கெனவே ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டதால் அவருக்கு விலக்கு :-)

ஓடுகிற வண்டியில் யாருக்கும் புழுங்குவதில்லை. வண்டி நின்றபிறகுதான் புழுக்கமே ஆரம்பிக்கும். மே மாசத்தில் ஜி.டி. எக்ஸ்பிரசில் சாதாரண ஸ்லீப்பரில் வந்து, பல்லார்ஷா அவுட்டரில் முக்கால் மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வண்டிக் கூரையில் காற்றுக்கு வழி செய்தவர்கள் எல்லோரும் மல்லுக்கட்டியது இந்த ஒரு பிரச்சினையோடுதான்.

சூடான காற்று மேலே போகும். நம்ம ஊர் பழைய அடுப்படியில் கூரைக்கு மேலே புகைக்கூண்டு வைத்தவருக்குத் தெரிந்த விஷயம் அது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டி கட்டியவர்களும் அதையே செய்தார்கள். பெட்டியின் கூரை நடுவில் இன்னொரு சின்னக் கூரையை நீளவாக்கில் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி ஜன்னல்கள் வைத்தார்கள். அமெரிக்காவின் புல்மன் பெட்டிகளிலும், இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன், மிட்லண்ட் கம்பெனிப் பெட்டிகளிலும் அந்த இரட்டைக் கூரையைப் பழைய படங்களில் பார்க்கலாம். பார்க்க ராஜகளை. ஆனால் செலவு அதிகம், கூரையின் பலமும் குறைவு.

அடுத்து வந்தது டார்பிடோ வென்டிலேட்டர். இரண்டு பக்கமும் கூம்பிய தகரக் குழாய் மாதிரி, கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உருவத்தை வைத்துத்தான் அந்தப் பெயர். உள்ளே சுழலுகிற சாமான் எதுவும் கிடையாது. வண்டி ஓடும்போது அதன்மேல் வேகமாகப் போகும் காற்று, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே இழுக்கும். எண்ணெய் போட வேண்டாம், ரிப்பேர் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் ஒருமுறை மூலதனச் செலவு, அதன்பிறகு நடப்புச் செலவே கிடையாது. நம் நாட்டு ரயில் பெட்டிகளின் கூரையிலும் இவை இருந்தன.

அவ்வளவு நல்ல சாமானுக்கு ஒரே ஒரு குறை. வண்டி நின்றால் அதுவும் நின்றுபோகும். அன்றாடக் கூலி மாதிரி, வேலை நடந்தால்தான் சோறு.

காந்தி 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி எழுதிய சின்ன நூலில் பம்பாயிலிருந்து மதராசுக்கு வந்த கதை இருக்கிறது. 22 பேருக்கு என்று எழுதியிருந்த இடத்தில் பயணத்தின் பெரும்பகுதி 35 பேருக்குக் குறையாமல் அடைந்து கிடந்தார்களாம். ரெய்ச்சூருக்குப் பிறகு நெரிசல் தாங்க முடியாமல் போயிருக்கிறது. அதில் ஒரு கணக்கும் போடுகிறார்: முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல், ஆனால் முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கிடைக்கிறதா என்று. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறொன்று. மேலே எத்தனை டார்பிடோ இருந்தால் என்ன, ஜன்னலை முழுக்க உடம்புகளும் மூட்டைகளும் அடைத்துக்கொண்டால் உள்ளே வரக் காற்றுக்கு ஏது வழி? இதற்குக் கடைசியில் வருகிறேன்.

கூலியிலிருந்து சேமிப்புக்கு வந்தது மின்சாரத்தால். லண்டன் ஜே. ஸ்டோன் கம்பெனி 1890-களில் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெட்டியின் அடியில் ஒரு டைனமோ. அச்சில் மாட்டிய பெல்ட் அதைச் சுற்றும். ஓடும்போது விளக்குக்கும் மின்சாரம் கொடுத்து, மிச்சத்தைப் பேட்டரியில் போட்டு வைக்கும். வண்டி நின்றால் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தில் சம்பாதித்து நிறுத்தத்தில் செலவு செய்வது. அப்பட்டமான சேமிப்புக் கணக்கு! முதலில் விளக்குக்காக வந்தது, பிறகு ஃபேனையும் சுற்றியது. இன்றைக்கு வேனை வீடாக்குகிறவர்கள் எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டாவது பேட்டரிக்குக் கம்பி இழுக்கிறார்களே, அது நூற்றாண்டுக்கு மேல் பழைய இந்த ஏற்பாடுதான்.

1934-இல் ஃபிரான்டியர் மெயிலில் குளிர்சாதனப் பெட்டி வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். குளிரைக் கொடுத்தது தரைக்கடியில் பெட்டி பெட்டியாக வைத்த ஐஸ் கட்டி. வழி ஸ்டேஷன்களில் கரையக் கரைய நிரப்புவார்கள். ஆனால் அந்தக் குளிரை உள்ளே தள்ள ஒரு ஊதுவிசிறி வேண்டியிருந்தது, அதை ஓட்டியது பேட்டரி. ஐஸ் வாங்கக் காசு இருந்த சீமானுக்கும் பேட்டரி இல்லாமல் நடக்கவில்லை.

ஃபேன் மேல் வகுப்புகளுக்குத்தான் முதலில் வந்தது. எல்லா வகுப்புப் பெட்டிகளிலும் விளக்கும் ஃபேனும் கட்டாயம் என்று ஆனது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில். டைனமோ வந்து அரை நூற்றாண்டு கழித்து! தொழில்நுட்பம் கையில் இருந்தும் அத்தனை காலம் எடுத்தது, கட்டணம் குறைவாகக் கொடுக்கிறவனுக்குக் காற்று எதற்கு என்கிற எண்ணத்தால்தான் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது 1974-இல்.

அந்த ரயில் ஃபேனைப் பற்றி நமக்கெல்லாம் ஆளுக்கொரு கதை இருக்கும். கம்பிக் கூண்டுக்குள் சீப்பையோ பேனாவையோ விட்டு ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும். ஆனால் அது உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர வெளியே தள்ளாது. வியர்வை காய்வதால் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். வெளியே தள்ளும் வேலையைக் கூரையில் இருக்கும் காற்றுப்போக்கிகளே பார்த்தன. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் செய்த பெட்டிகளிலும் கூரையில் அவை உண்டு. மேல் பர்த்தில் படுத்திருந்தவர்களுக்கு ஞாபகம் வரலாம்.

சரி, நண்பர் கேட்ட தானாகச் சுற்றும் சாமானுக்கு வருவோம். அதன் பெயர் ஃப்ளெட்னர் வென்டிலேட்டர். அதன் பின்னால் இருக்கும் ஆள் சுவாரசியமானவர்.

ஆன்டன் ஃப்ளெட்னர், 1885-இல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து எஞ்சினியர் ஆனவர். சுழலும் உருளையின்மேல் காற்று பட்டால் அது உருளையைப் பக்கவாட்டில் தள்ளும். சுழற்றி உதைத்த கால்பந்து வளைந்து போகிறதே, அதே தத்துவம், மேக்னஸ் விளைவு என்பார்கள். இதை வைத்து 1924-இல் பூக்கௌ என்ற கப்பலில் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, சுமார் 15 மீட்டர் உயரத்தில் இரண்டு பெரிய உருளைகளை நட்டார். பார்க்க இரண்டு புகைபோக்கி நிற்கிற மாதிரி இருக்கும். கப்பல் நிஜமாகவே ஓடியது. பாடன் பாடன் என்று பெயர் மாற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி 1926 மே மாசம் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. உலகமே வேடிக்கை பார்த்தது.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. உருளையைச் சுழற்ற மோட்டார் வேண்டும். காற்றில்லாத நாளைக்கு எஞ்சினும் வேண்டும். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. கப்பல் முதலாளிகள் எண்ணெயை எரிப்பதே லாபம் என்று போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் நான் கடன் பிரிவில் இருந்திருந்தால் நானும் அந்த விண்ணப்பத்தைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பின்லாந்துக்காரர் சிகுர்ட் சவோனியஸ் ஒரு எளிய காற்றாலையைக் கண்டுபிடித்தார். ஒரு பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பாதிகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் மேலிருந்து பார்க்க ஆங்கில எஸ் எழுத்து மாதிரி தெரியும். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் சுற்றும், லேசான காற்றுக்கே புறப்படும், மோட்டார் வேண்டாம். ஃப்ளெட்னர் இதை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, அதே தண்டின் அடியில் ஒரு உறிஞ்சு விசிறியை மாட்டினார். மேலே காற்று சுழற்றும், கீழே விசிறி வண்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். 1920-களில் பிறந்த இந்தத் தகரத் தொப்பி பஸ், வேன், படகு என்று பரவியது. இங்கிலாந்தில் இன்னமும் அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி செய்து விற்கிறது. பெரிய கனவு கடலோடு போனது, சின்னச் சாமான் நூறு வருஷமாகச் சோறு போடுகிறது! ஃப்ளெட்னர் பிறகு ஹிட்லரின் கடற்படைக்கு ஹெலிகாப்டர் செய்தார், போர் முடிந்ததும் அமெரிக்கா போனார், 1961-இல் காலமானார். அவருடைய உருளைகள்கூட இப்போது திரும்பி வந்திருக்கின்றன. 2010-இல் ஈ-ஷிப் 1 என்ற சரக்குக் கப்பலில் நான்கு, 2018-இல் மேர்ஸ்க் பெலிகன் என்ற எண்ணெய்க் கப்பலில் இரண்டு. எண்ணெய் விலை ஏறினால் பழைய விண்ணப்பத்தையும் மறுபடி எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நண்பரின் கேள்விக்கு இந்தத் தொப்பி டார்பிடோவைவிட ஒரு படி மேல். வண்டி நின்றாலும் வெளியே காற்று வீசினால் சுற்றும். பல நாள் பூட்டியே கிடக்கும் வண்டியில் பூஞ்சை வாடை பிடிக்காமல் இருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மே மாசம் விதர்பாவில், மரத்தில் இலை அசையாத ராத்திரியில், இரண்டு வயசானவர்கள் உள்ளே படுத்திருக்கும்போது அது சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் மோட்டார்.

அமெரிக்காவில் வீட்டு வண்டிக் கூரை ஓட்டைக்கு 14 அங்குலச் சதுரம் என்று ஒரு அளவு நிலைத்துவிட்டது. ஐரோப்பாவில் 400 மில்லிமீட்டர் சதுரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓட்டை போட்டால் தகரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மேக்ஸ்ஏர், ஃபேன்டாஸ்டிக் என்று 12 வோல்ட்டில் ஓடும் பெயர்பெற்ற ஃபேன்கள் 14 அங்குல ஜாதி. முழு வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 900 கன அடி காற்றைத் தள்ளும் என்பது அவர்கள் கணக்கு, அதாவது 25 கன மீட்டர். வேனின் உட்புறம் 4 மீட்டர் நீளம், 1.7 அகலம், 1.8 உயரம் என்றால் 12 கன மீட்டர் சொச்சம். காகிதத்தில், அரை நிமிஷத்தில் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் மாறிவிடும். முழு வேகத்துக்கு மூன்று ஆம்பியர் போல இழுக்கும். தூங்கும்போது அவ்வளவு வேகம் வேண்டாம், ஒரு ஆம்பியர் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்றாலும், ஃபேனுக்கு மட்டும் ஆறு ராத்திரி தாங்கும். ஸ்டோன் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. எந்த ஃபேனும் வெளியே இருக்கும் சூட்டுக்குக் கீழே உள்ளே குளிர்விக்காது. பகல் இரண்டு மணிக்கு 45 டிகிரி காற்றை உள்ளே இழுத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை, நிழல் தேடுவதே வழி. இன்னொன்று மழை. ஜூன் நடுவில் மழை பிடித்துவிட்டால் மூடியைத் திறக்க முடியாத ஃபேன் வெறும் அலங்காரம். மூடிக்குள்ளேயே மழை மறைப்பு இருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாகச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கட்டிலும் கூரை ஓட்டையும் எதில் அடங்கும் என்பதை மெக்கானிக்கிடம் கேட்காமல், கட்டர் எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கடன் பாக்கி இருந்தால் பேங்குக்கும் ஒரு கடிதம்.

மேலே சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று பாக்கி. 25 கன மீட்டர் வெளியே போகவேண்டுமானால் 25 கன மீட்டர் உள்ளே வரவேண்டும். எல்லா ஜன்னலையும் இறுக மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் மோட்டார் முனகும், காற்று நகராது. ஃபேனை வண்டியின் ஒரு கோடியில் வைத்து, படுக்கை இருக்கும் மறுகோடி ஜன்னலைத் திறந்தால்தான் உள்ளே வரும் காற்று ஆள்மேல் பட்டுப் போகும். ஆனால் ராத்திரி நடு ரோட்டோரத்தில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்க யாருக்கு மனசு வரும்? இதற்கும் நம் ரயில் பெட்டியில் பதில் இருக்கிறது. கண்ணாடிக் கதவோடு சேர்த்து சாய்வுப் பட்டிகள் வைத்த இன்னொரு கதவு இருக்குமே, இறக்கிவிட்டாலும் காற்று வரும், மழையும் கையும் உள்ளே வராது. அதே மாதிரி அலுமினியத்தில் ஒன்று செய்து, பின்னால் கொசுவலை அடித்து, கட்டிலின் தலைமாட்டு ஜன்னலில் மாட்டினால் போதும்.