ஜீப்பை நிறுத்திய கதை

தேரோட்டம் கண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறப்பதற்கில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். எல்லார் கண்களும் மேலே கலசத்தை நோக்குகின்றன. சக்கரத்தின் ஓரமாகக் குனிந்தபடியே, கையில் மரக்கட்டையுடன் ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரை நோக்குவோர் மிகச் சிலரே. தேர் வீதி முனையில் திரும்புவதும், நிலைக்கு வந்து நிற்பதும் அவர்கள் செருகும் முட்டுக்கட்டையால்தான். அக்கட்டையின் பெயரோ நம் மொழியில் இடையூறு என்னும் பழிப்பொருளைச் சுமந்து நிற்கிறது. நல்ல காரியத்திற்கு முட்டுக்கட்டை போடாதே என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்றே நெருடுகிறது. இழுத்தவர்க்குப் புகழ், நிறுத்தியவர்க்குப் பழி என்னும் இந்த நியாயம் தேருக்கு மட்டும் உரியதன்று. ஜீப் வண்டியின் வரலாற்றிலும் அவ்வாறே நேர்ந்திருக்கிறது.

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்களுக்குப் பார்க் வீதியைச் சொல்ல வேண்டுவதில்லை. விளக்கொளியும் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்த பகுதியை விட்டுக் கிழக்கே நடந்தால், 1767 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் வரும். முன்னாளில் லோயர் சர்க்குலர் ரோடு என வழங்கிய ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலை அங்கே குறுக்கிடுகிறது. அவ்விடமே மல்லிக் பஜார். மனிதர் துயிலும் தோட்டத்தின் அண்டையிலேயே பழைய மோட்டார்களின் உறுப்புகளும் குவிந்து கிடக்கின்றன. கதவு ஓரிடம், கியர்ப்பெட்டி ஓரிடம், எண்ணெய்ப் பிசுக்கேறிய சக்கரக் குடங்கள் ஓரிடம் எனப் பிரித்து அடுக்கப்பட்ட அந்தச் சந்துகளில், போர்க்காலத்து ஜீப்பின் உறுப்புகளை இன்றும் தேடுவோர் உண்டு.

ஜீப் கல்கத்தாவுக்கு வந்த வழியை முதலில் சொல்லுவோம். 1940 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய சிறு வண்டியொன்று வேண்டுமெனக் கேட்டனர். பாண்டம் என்னும் சிறு கம்பெனி முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் போர் முடிவதற்குள் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளை உருவாக்கின. போரின் பிற்பகுதியில் அமெரிக்கத் தளவாடங்களில் பெரும்பங்கு கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கிற்று. அங்கிருந்து ரயிலேறி அஸ்ஸாமின் லீடோவை அடைந்தது. லீடோவிலிருந்து பர்மாக் காடுகளின் ஊடே சீனத்துக்குச் சாலை வெட்டினார்கள். 1945 ஜனவரி 12 அன்று லீடோவை விட்ட முதல் வண்டித்தொடர் பிப்ரவரி 4 அன்று குன்மிங் நகரை அடைந்தது. தூரம் ஏறத்தாழ 1,736 கிலோமீட்டர். சேற்றிலும் மலையிலும் ஏறிய ஜீப்பைப் புகழாத போர்ச் செய்தியாளர் இல்லை. அது மலையிலிருந்து எவ்வாறு இறங்கிற்று என்று எழுதியவர் எத்தனை பேர்?

அந்த வண்டியின் பிரேக்கு எளிமையானது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். அவ்விதியை மோட்டார் வண்டிக்குப் பயன்படுத்தி மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917 இல் உரிமம் பெற்றார். ஜீப்பிலும் அதுவே. காலால் மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் பாய்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் இரண்டு பிறை வடிவ ஷூக்கள் விரிந்து உரசுகின்றன. டிரம்மின் விட்டம் 9 அங்குலம். வெற்று வண்டியின் எடை 1,100 கிலோ அளவு. இளைஞர் நால்வர் ஏறி, கரடுமுரடான பாதையில் மெல்லப் போவதற்கு அந்த 9 அங்குலம் போதும். படை கேட்டதும் அவ்வளவே. ஆகவே செய்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

குறை வேறு. நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியில் செல்கிறது. எந்த மூலையில் ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் ஒருங்கே செயலற்றுப்போகும். எஞ்சுவது கியர்ப்பெட்டியின் பின்னே, சுழலும் தண்டைப் பற்றும் கைப்பிரேக்கு ஒன்றே.

போர் முடிந்தது, எஞ்சிய வண்டிகள் விலைக்கு வந்தன. சுதந்திர இந்தியாவுக்கும் ஜீப் வேண்டியிருந்தது. 1948 இல் இலண்டன் வழியாக 2,000 பழைய ஜீப்புகளைச் செப்பனிட்டு வாங்க ஒப்பந்தம் செய்து, சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய 155 வண்டிகளும் பயன்படா எனப் படையினர் ஒதுக்கிய கதையை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1949 இல் பம்பாய் மஜகாவில் மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். அதன் பின் ஜீப் படையை விட்டு நாட்டுக்குள் இறங்கிற்று. வனத்துறைக்கும் காவல் துறைக்கும் அது வாகனமாயிற்று. வடக்கு வங்காளத்தின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரும் மூட்டைகளும் ஒருங்கே ஏறினர். நால்வருக்கென்று செய்த வண்டியில் பதினால்வர் அமர்வது நாம் கண்ட காட்சியே.

1970களில் பெட்ரோல் விலை ஏறியதும் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிக் கனமான டீஸல் எஞ்சினைப் பூட்டினார்கள். சாலைகளும் செம்மையாயின, வேகம் கூடிற்று. வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். எடையும் கூடி, வேகமும் கூடிய பின்பு, டிரம் மட்டும் 9 அங்குலமாகவே நின்றது!

இதன் பொருளை நாம் ஏட்டில் அறிந்தோமில்லை. பல ஆண்டுகளுக்கு முன், அலுவல் முடித்துக் குர்சியாங்கிலிருந்து பாங்காபாரிச் சாலை வழியாகச் சிலிகுரிக்கு ஒரு வாடகை ஜீப்பில் இறங்கினோம். செங்குத்தான அச்சாலையை அறிந்தவர்கள் அறிவர். பாதி வழியில் எரிந்த நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் ஓட்டுநர் மிதித்த மிதி பலகையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கீழ்க் கியருக்கு மாற்றி, மலைப்பக்கத்து வாய்க்காலில் இரு சக்கரங்களை இறக்கி, பாறையோடு உரசவிட்டு நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. கைகள் நடுங்க இறங்கி நின்ற எங்களைப் பார்த்து, "எண்ணெய் கொதித்துவிட்டது, ஆறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார்.

எண்ணெய் கொதிக்குமா என்று அன்று வியந்தோம். கொதிக்கும். சுமையோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,300 மீட்டர் உயரம் இறங்கினால், பிரேக்கும் எஞ்சினும் காற்றும் சேர்ந்து விழுங்க வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 65 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கீழ்க் கியரில் வந்தால் எஞ்சின் பெரும்பங்கை ஏற்கும். மேல் கியரில் வந்தால் அவ்வளவும் அந்த நான்கு சிறு டிரம்களின் தலையில் விழும். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண வகை எண்ணெய் புதியதாயின் 205 பாகை வெப்பம் வரை தாங்கும். ஈரமேறிப் பழையதாயின் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். திரவம் ஆவியானால் அழுத்தம் ஏது? மிதித்த கால் காற்றையே மிதிக்கிறது.

ஊர் திரும்பிய பின் மல்லிக் பஜாரில் ஒரு பட்டறைக்குப் போய், இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் சொன்னவற்றை நம் நடையில் தருகிறோம். முதலிற் செய்வது 11 அங்குல டிரம் மாற்றுவது. விட்டம் கூடினால் பற்றும் வலிமை கூடும். வெப்பம் பரவ இரும்பும் மிகும். பெண்டிக்ஸ் முறையில் அமைந்த பெரிய பிரேக்கில் ஒரு நயம் உண்டு. சுழலும் டிரம் முதல் ஷூவைத் தன்னோடு இழுக்க, அது இரண்டாம் ஷூவைத் தள்ளி மேலும் இறுகச் செய்கிறது. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்தத் துணை நிற்கும் என்க. ஆயினும் பெரிய டிரம்முக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாது. தள்ளும் எண்ணெயின் அளவு பொருந்தாவிடில் மிதி ஆழமாக இறங்கும். "டிரம்மை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவன் பாதி வேலைதான் செய்கிறான்" என்றார் அவர்.

அடுத்தது, முன் சக்கரங்களுக்கு ஒன்றும் பின் சக்கரங்களுக்கு ஒன்றுமாக எண்ணெய் வழியை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர். அமெரிக்காவில் 1960களின் இறுதியிலேயே இது கட்டாயமாயிற்று. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். நம்மைக் கேட்டால், பழைய ஜீப்பில் வேறெதைச் செய்யாவிடினும் இதைச் செய்ய வேண்டும் என்போம். காலின் உழைப்பைக் குறைக்கும் பூஸ்டர் அதற்குப் பின்னரே. அதிலும் ஒரு சிக்கல். பூஸ்டர் வேலை செய்ய எஞ்சினின் உறிஞ்சு விசை வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அது தானே கிடைக்கும். டீஸல் எஞ்சினில் கிடையாது. தனியே ஒரு வெற்றிடப் பம்பு வைக்காமல் பூஸ்டரைப் பூட்டிவிட்டு, மிதி கல்லாக இருக்கிறதே என்று வருந்துவோர் பலர்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பூட்டுவது இன்றைய வழக்கம். திறந்த தட்டு, வெப்பத்தை விரைவில் இழக்கும். ஆற்றைக் கடந்தாலும் நீரைச் சுழற்றி எறிந்துவிடும். டிரம்மோ நீர் புகுந்தால் உலரும் வரை வழுக்கும். 1953 இல் லெமான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் டிஸ்கினால் வென்றன. அந்த வித்தை, அதற்கும் முன்னே பிறந்த ஜீப்புக்கு இந்தச் சந்தில் வந்து சேர்ந்தது.

பேச்சுக்கிடையே அவர் எடுத்துவைத்த அட்டைப்பெட்டியில் 'பாடி, சென்னை' என்று அச்சிட்டிருந்தது. நம் ஊர்ப் பெயரை அந்த எண்ணெய்க் கையில் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாடியில் 1962 இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கிற்று. 1964 இல் ரானே பிரேக் லைனிங், 1974 இல் சுந்தரம் பிரேக் லைனிங் ஆகியவையும் சென்னையிலேயே எழுந்தன. கல்கத்தாவில் இறங்கிய போர்வண்டியை நிறுத்தும் உறுப்பு சென்னையிலிருந்து ரயிலேறி வந்தது என்பது நம்மவர் பலர் கவனியாத செய்தி. இலை போடும் கடையையும் தேங்காய்க் கடையையும் லேக் மார்க்கெட்டில் தேடிப் போகும் நாம், பார்க் வீதியின் மறுமுனைக்குப் போவதில்லை அல்லவா?

ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். முற்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்த தூளை வாயால் ஊதித் துடைப்பது பட்டறை வழக்கம். கல்நார்த் தூள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்கும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. ஊதியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஓட்டுநரின் உயிரைக் காத்த வேலை, காத்தவரின் மூச்சைத் தின்றிருக்கக்கூடும். அந்த முதியவர் ஈரத் துணியால் துடைத்தார். பையனையும் அவ்வாறே துடைக்கச் சொன்னார்.

இன்று சட்டமும் குறுக்கே நிற்கிறது. 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகளைக் கொல்கத்தாவிலிருந்து விலக்குமாறு உயர் நீதிமன்றம் 2008 இல் ஆணையிட, மறு ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என 2019 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 இல் வந்த மத்திய விதிகளோ, சட்டகமும் உடலும் எஞ்சினும் மாறாதிருக்க வேண்டும் என்கின்றன; பிரேக்கை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அலங்கார ஊர்வலத்துக்கு வரும் பழைய ஜீப்பில் 9 அங்குல டிரம்மே அழகு என்போர் உண்டு. சமநிலத்தில் காலை நேரத்தில் ஓடும் வண்டிக்கு அது தகும். பாங்காபாரியில் இறங்கும் வண்டிக்குத் தகாது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது என்பது எம் கருத்து. ஆயினும் மாற்ற விரும்புவோர் முதலில் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டுவிட்டே சாவியைத் திருப்புக.

அன்று பட்டறையில் வேலை முடிந்த ஒரு ஜீப்பில் முதியவர் ஏறி அமர்ந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை. மிதியை அழுத்திப் பிடித்தபடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாதிருந்தார். மிதி மயிரிழையும் இறங்கவில்லை. பின்பு இறங்கி, சக்கரங்களின் உட்பக்கம் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் ஈரமில்லை. பையனிடம் சாவியைக் கொடுத்து, ஆளில்லாத சந்தாகப் பார்த்து ஓட்டிவா என்றார்.