புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர்கள்

புகைப்படத்தைப் பார்த்துக் கலர் பென்சிலில் வரைவது வெறும் நகலெடுப்பு, ஆளை எதிரே உட்காரவைத்து வரைவதுதான் கலை என்ற எண்ணம் ஓவியம் பழகுகிறவர்களிடம் இன்றும் இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் வரலாறு அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1833 அக்டோபரில், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர் கேமரா லூசிடாவை வைத்துக்கொண்டு இயற்கைக் காட்சிகளை வரைய முயன்றார். எதிரே உள்ள காட்சியைத் தாளின்மேல் விழுவதுபோலக் காட்டும் கருவி அது. பிம்பம் துல்லியமாகத் தெரிந்தும் கை ஒத்துழைக்கவில்லை. ஒளியே தன்னைத் தாளில் பதித்துக்கொண்டால் என்ன என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். காகித நெகட்டிவ் அதிலிருந்து வந்தது. சரியான பிம்பம் கண்முன் இருப்பதும் அதை வரைய முடிவதும் வேறுவேறு என்பது புகைப்படம் பிறந்த கதையிலேயே அடங்கியிருக்கிறது.

பத்தே ஆண்டுகளில் ஓவியர்கள் அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டு, நூற்றுக்கணக்கான போதகர்கள் பதவியையும் வருமானத்தையும் துறந்து வெளியேறினார்கள். அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்ட எடின்பரோ ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் முடிவு செய்தார். அத்தனை பேரையும் தனித்தனியே உட்காரவைத்து வரைய வழியில்லை. அறிவியலாளர் டேவிட் புரூஸ்டரின் யோசனைப்படி ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞருடன் சேர்ந்து, கால்டன் குன்றில் திறந்த வெயிலில் அவர்களைப் படம் எடுத்தார். ஆடம்சன் 1848இல் இறந்துபோனார். ஓவியம் 1866இல்தான் முடிந்தது. அதில் 457 பேர். நகலெடுப்பு என்றால் இருபத்து மூன்று ஆண்டுகள் எதற்கு? அந்தக் காலத்துப் புகைப்படத்தில் நிறம் கிடையாது. சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். முகத்தின் செம்மையும் கூட்டத்துக்குள் விழும் வெளிச்சமும் ஓவியரே முடிவு செய்தாக வேண்டியவை.

ஆனால் ஹில்லின் ஓவியம் சோபிக்கவில்லையே, அதற்காக எடுத்த புகைப்படங்களைத்தானே உலகம் இன்று கொண்டாடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறை எங்கே என்று பார்க்க வேண்டும். எவரையும் விட்டுவிட மனம் வராமல் எல்லா முகங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் கொடுத்தார். கண் நிலைகொள்ள இடமில்லாமல் போயிற்று. தவறு புகைப்படத்தைப் பயன்படுத்தியதில் இல்லை, அதிலிருந்து எதையும் கழிக்காமல் விட்டதில்தான். பாரிஸில் ஓவியர் டெலக்ரோவா இதற்கு மறுபக்கம். 1854இல் புகைப்படக்காரர் யூஜின் துரியூவுடன் சேர்ந்து மாடல்களைப் புகைப்படம் எடுக்கவைத்து, அந்தப் படங்களைப் பார்த்துப் பலமுறை வரைந்து பழகினார். 1857இல் முடித்த 'ஒடாலிஸ்க்' ஓவியத்தில் உடலின் தோரணை அப்படியொரு புகைப்படத்திலிருந்து வந்ததே. ஆனால் அதன் வண்ணமும் துணியின் மடிப்பும் அவருடையவை. புகைப்படம் கலைகளுக்குப் பணிப்பெண்ணாக இருந்தால் போதும் என்று 1859இல் கவிஞர் போதலேர் எச்சரித்தார். அவர் போற்றிய டெலக்ரோவாவின் அறையில் அது ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

கலர் பென்சில் இந்தக் கதைக்குள் பின்னால் வந்தது. ஓவியர்களுக்கான பாலிகுரோமோஸை ஃபேபர்-காஸ்டல் 1908இல் 60 நிறங்களில் கொண்டுவந்தது. தண்ணீர் தொட்டால் கரையும் பிரிஸ்மாலோவை கரன் தாஷ் 1931இல் தந்தது. அழுத்தித் தீட்டிய நிறத்தை முழுதாக அழிக்க முடியாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விடுவதே நல்லது. மெல்லிய அடுக்குகளாக ஏற்றித்தான் ஆழம் வரும். இத்தனை மெதுவான வேலைக்கு அசையாத படம் இயல்பாகவே பொருந்துகிறது. இருந்தும் கேமரா பெரும்பாலும் நிழலை வெறும் கறுப்பாக அடைத்துவிடுகிறது. மாநிறக் கன்னத்தின் நிழலை அப்படியே கறுப்புப் பென்சிலால் நிரப்பினால் முகம் கரியாகிவிடும். அங்கே ஊதாவையும் அடர்பழுப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறவர், ஹில் வண்ணமில்லாத படங்களின் முன் உட்கார்ந்து எடுத்த அதே முடிவைத்தான் எடுக்கிறார்.